பயந்தாங்கொள்ளி வளர்த்த பிள்ளை

செத்தவீட்டில் பேச எழும்புகிறவன் பொய் சொன்னால்கூட மன்னித்துவிடலாம். பாதியைச் சொல்லிவிட்டு மைக்கை வைத்துவிட்டு இறங்குகிறவனை மன்னிக்க முடியாது. சிவபாலன் தன்னுடைய சொந்தத் தமையன் கல்யாணசுந்தரத்தோடு மூன்று வருசமாக முகம் கொடுத்துப் பேசாததற்கு இதுதான் காரணம். காணி இல்லை, காசு இல்லை, இதுதான்.

சிவபாலனின் மனைவி சந்திரவதனாவின் இறுதிக் கிரியைக்கு டண்டினொங் பக்கத்துப் புலம்பெயர்ந்த தமிழ்ச் சனம் மண்டபம் நிறைய வந்திருந்தது. தமையன் எழும்பினார். "சந்திரா பயந்த பிள்ளை. லிப்டுக்குப் பயம், நாய்க்குப் பயம், போன் அடிச்சாப் பயம். ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் குடுக்காமல் இருந்திட்டுப் போட்டுது" என்றார். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பாசமான சிரிப்புத்தான். முன்வரிசையில் சிவபாலன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவள் பயந்தவள்தான். அது அவனுக்குத் தெரியாததா? ஆனால் அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்பது தமையனுக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. சனத்துக்கு முன்னால் சொல்ல வெட்கப்பட்டார். அவர் விழுங்கிய பாதி இதுதான்.

சிவபாலன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஒரு பண்டகசாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். சந்திரவதனா முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்தாள். வேலைக்குப் போகிற தெருவில் ஒரு நாய் இருந்ததால் அடுத்த தெருவால் சுற்றிப் போவாள். அந்தத் தெருவிலும் யாரோ நாய் வாங்கினார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் போனாள். போன் அடித்தால் அது ஓயும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். அரசாங்கக் கடிதம் வந்தால் குளிர்ப்பெட்டிக்கு மேலே போட்டுவிட்டு, புருசன் வந்து உடைக்கும்வரை குசினிக்குள் கால் வைக்கமாட்டாள்.

ஒன்பது வயதில் அவளை வவுனியாப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்தில் விட்டிருந்தார்கள். தகப்பன் இல்லை. தாய் இருந்தாள், சோறுதான் இல்லை. "என்னை அங்க வைச்சிருந்த காசில அரைவாசியை அம்மாவிட்டக் குடுத்திருந்தா நான் வீட்டிலயே வளர்ந்திருப்பன்" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அடித்தார்களா என்று சிவபாலன் கேட்டான். "ஒருத்தரும் அடிக்கேல்ல. கனவு கண்டு முழிச்சா ஆரைக் கூப்பிடுறதெண்டு தெரியாது. அவ்வளவுதான்" என்றாள்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைக்குப் பிறந்தநாள், தகப்பனுக்குத் திவசம் என்றால் ஊரில் ஒரு இல்லத்துக்குப் பணம் அனுப்பி ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பது. அங்குள்ள பிள்ளைகள் வரிசையில் நின்று பாடுகிற வீடியோ அன்றைக்கே வந்துவிடும். கல்யாண நாளுக்கு நாங்களும் அப்படிச் செய்வோமா என்று சிவபாலன் கேட்டபோது அவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "கனடாவில ஆரோ ஒரு பெடியனுக்கு வருசா வருசம் ஹாப்பி பேர்த்டே பாடினனான். அவன்ர பேர் இப்பவும் தெரியும். அவனுக்கு என்ர பேர் தெரியுமோ?" அதற்குப் பிறகு அந்தக் கதை வீட்டில் எழும்பவில்லை.

தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கேத்ரின் என்றொரு பெண் வந்தாள். மலேசியத் தமிழ்ப் பெண். தாய் தகப்பனோடு இருக்க முடியாத பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலை.

"இங்க பெரிய கட்டடம்லாம் இல்ல லா. பாத்தா சாதாரண வீடுதான். உள்ள நாலு பிள்ளைங்க, ஷிப்ட் மாறி மாறி வர்ற ஸ்டாப். கத்தி எல்லாம் பூட்டி இருக்கும், ஸ்டாப் கண்ணாடி ரூம்ல உக்காந்திருப்பாங்க. அந்த மாதிரி வீடுங்கள மூடிட்டுப் பிள்ளைங்கள குடும்பத்தில விடணும்னு பாக்கிறோம். மூடலாம். குடும்பம் எங்க?" என்று கேட்டாள். அப்படியொரு வீட்டில் பத்து வயதுத் தமிழ்ப் பெண்பிள்ளை இருக்கிறது என்றாள். தாய் சுகமில்லாதவள், சுகம் வருகிற வருத்தம் இல்லை. பிள்ளைக்குத் தமிழும் மறந்துகொண்டு வருகிறது.

சனம் உச்சுக்கொட்டியது. ரோல்ஸ் சாப்பிட்டது. ஒருவர் எழும்பி, எல்லாருமாகச் சேர்ந்து அன்பளிப்புச் செய்வோம் என்றார். கைதட்டினார்கள்.

"காசு வேணாங்க, வீடுதான் வேணும்" என்றாள் கேத்ரின்.

தேத்தண்ணீர்க் கோப்பையின் அடியில் எதையோ தேடுகிறவர்கள்போல எல்லாரும் குனிந்திருந்தார்கள். அப்போதுதான் சந்திரவதனா கையைத் தூக்கினாள். மற்றக் கையால் சிவபாலனின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் தமையன் பிடித்துக்கொண்டார். "டேய், உனக்கு மூளை இருக்கோ? நாளைக்கு ஒண்டு நடந்தா அரசாங்கம் உன்ர வாசல்ல நிக்கும். இவள் நாயைக் கண்டாலே மதிலேறுறவள்."

"ஏறட்டும்" என்றான் சிவபாலன். "மதில் என்ர மதில்தானே."

பிள்ளையை ஏற்கிறவர்களுக்கென்று நிறுவனம் வகுப்புகள் வைத்தது. வீட்டை வந்து பார்த்தார்கள், அலுமாரிகளைத் திறந்து பார்த்தார்கள், சின்ன வயதுக் கதைகளைக் கிண்டிக் கேட்டார்கள். ஒவ்வொரு தரமும் அவர்கள் போனபின் சந்திரவதனா கதிரையிலிருந்து எழும்பாமல் இருந்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை, அக்ஷரா, வந்தாள். மெலிந்த பிள்ளை, எதற்கும் இங்கிலீசில்தான் பதில். வந்த அன்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "ஹூ இஸ் ஆன் டுனைட்?" அந்த வீட்டில் இரவு வேலைக்கு யார் வருவார்கள் என்று பிள்ளைகள் தினமும் கேட்கிற கேள்வி அது. நல்ல ஆள் என்றால் அன்றைக்கு நித்திரை வரும்.

"நான்தான்" என்றாள் சந்திரவதனா.

"அண்ட் டுமாரோ?"

"நாளைக்கும் நான்தான்."

பிள்ளை நம்பவில்லை. மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்பதை என்றைக்கு விட்டாள் என்று சிவபாலன் கவனிக்கவில்லை. கவனித்தபோது அந்தக் கேள்வி போய் வெகு நாளாகியிருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு நாய் இருக்கிற தெருவால்தான் போகவேண்டும். சந்திரவதனா போனாள். "அன்ரி க்ளோசஸ் ஹெர் ஐஸ். நான்தான் அன்ரியைக் கூட்டிக்கொண்டு போறனான்" என்று அக்ஷரா சொல்லிச் சிரித்தாள். சந்திரவதனாவுக்கு நாய்ப் பயம் குறையவில்லை. அதற்கு மேலே வேறொரு பயம் வந்து ஏறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஒருநாள் போன் அடிக்கும், பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து அந்த வீட்டில் விடு என்பார்கள். இரவில் எழும்பி யன்னல் திரையை விலக்கித் தெருவில் நிற்கிற கார்களைப் பார்ப்பாள். தெரியாத கார் நின்றால் அது போகும்வரை படுக்கமாட்டாள்.

அடுத்த வருசம் ஒரு காலை, சிவபாலன் வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் குசினிக்குள்ளிருந்து மெல்லக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. பிள்ளை பெரிசாகிட்டாள்."

அவன் மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தங்கைமார் இருந்தார்கள். இந்த விசயம் வந்தால் ஆம்பிளைகள் முற்றத்தில் போய் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். அவள் அவனைத் தமிழ்க் கடைக்கு அனுப்பினாள். நல்லெண்ணெய், முட்டை, உளுத்தம்மா. மூன்றையும் ஒன்றாக வைத்தவுடன் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஆருக்கு அண்ணை?"

"வீட்டில."

"உங்களுக்குப் பிள்ளையள் இல்லையெல்லோ?"

"மிச்சத்தைத் தாரும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, மேலே நல்லெண்ணெய் விட்டு, சந்திரவதனா பிள்ளையிடம் நீட்டினாள். சிவபாலன் விறாந்தையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"தட் இஸ் டிஸ்கஸ்ட்டிங், அன்ரி."

"மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கில விழுங்கு."

"வய்?"

"இடுப்புக்குப் பெலன்."

"மை இடுப்பு இஸ் பைன்."

"இப்ப பைன்தான். என்ர வயசில வந்து சொல்லு."

பிறகு குமட்டுகிற சத்தமும், இரண்டு பேரும் சிரிக்கிற சத்தமும் கேட்டன. மூன்று நாள் பிள்ளையை அறையை விட்டு அதிகம் வெளியே விடவில்லை. தலைக்கு வார்த்து, களி கிண்டிக் கொடுத்து, பக்கத்திலேயே இருந்தாள். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லவேண்டும். போனில் பேசப் பயம். சுகமில்லை என்று ஒரு மெசேஜ் அனுப்பினாள். அந்த ஒரு பொய்தான்.

அக்ஷரா பள்ளிக்கூடம் போனதும் சிநேகிதிக்குப் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற டீச்சரின் காதில் விழுந்தது வேறு மாதிரி. மூன்று நாள் அறைக்குள் வைத்திருந்தார்கள். பச்சை முட்டையும் எண்ணெயும் பருக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சுகமில்லை என்றார்கள். டீச்சரைக் குறை சொல்ல முடியாது. அப்படிக் கேள்விப்பட்டால் அறிவிக்க வேண்டியது சட்டம்.

போன் அடித்தது. சந்திரவதனா அது ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்ப அடித்தது. பின்னேரம் கேத்ரின் வாசலில் நின்றாள், முகத்தில் சிரிப்பு இல்லாமல்.

"அக்கா, நாளைக்கு மீட்டிங். மேலதிகாரி டெப்ரா வர்றாங்க. பதில் சரியா இல்லாட்டி, விசாரணை முடியற வரைக்கும் பிள்ளைய வேற இடத்தில வைக்கணும்னு சொல்றாங்க."

"எந்த இடத்தில?"

கேத்ரின் தரையைப் பார்த்தாள். "வேற குடும்பம் யாரும் இல்லக்கா. அந்த வீட்லதான் ஒரு பெட் இருக்கு."

"அந்த வீட்டை மூடுறம் எண்டீரே" என்றான் சிவபாலன்.

"மூட முடியல அண்ணே. பிள்ளைங்கள எடுக்கக் குடும்பம் கிடைக்கல."

அவர்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அக்ஷரா தன் அறைக்குள் போனாள். ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பையோடு வந்து, சப்பாத்தும் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அழவில்லை. "இட்ஸ் ஓகே. ஐ நோ ஹௌ இட் வொர்க்ஸ்" என்றாள். அவளை எழுப்பி, மீட்டிங் நாளைக்குத்தான், இன்றைக்கு இல்லை என்று விளங்கப்படுத்தினார்கள். சப்பாத்தைக் கழற்றினாள். பையை அவிழ்க்கவில்லை.

அடுத்த நாள் ஒரு சின்ன அறை. டெப்ரா என்ற வெள்ளைக்காரப் பெண், கேத்ரின், இவர்கள் இரண்டு பேர். மேசை நடுவில் போன். மொழிபெயர்ப்புக்குப் போனில் வந்தது ஒரு ஆம்பிளைக் குரல், தமிழ்நாட்டுப் பேச்சு. "வணக்கம்மா, நீங்க சொல்லுங்க, நான் அப்படியே இங்கிலீஷ்ல சொல்றேன்." அவன் வீட்டிலிருந்து பேசுகிறான்போல, பின்னால் குக்கர் விசிலடித்தது.

சந்திரவதனா வாயைத் திறக்கவில்லை. முன்பின் தெரியாத ஆம்பிளைக்கு இந்தக் கதையைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழும்பவில்லை. டெப்ரா கேட்டாள், போன் தமிழில் கேட்டது, அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெப்ரா ஏதோ எழுதினாள். பேசாமலிருக்கிறவள் எதையோ மறைக்கிறவள்தானே.

சிவபாலன் கேத்ரினைப் பார்த்தான். "நீர் தமிழ்ப்பிள்ளை. உமக்கு இது என்னெண்டு தெரியும். சொல்லுமன்."

"தெரியும் அண்ணே. எனக்கும் செஞ்சாங்க. ஆனா நான் ஆபீஸ் ஆளு, இந்த ரூம்ல சொல்லக் கூடாது லா. மொழிபெயர்க்கவும் கூடாது." அவள் கண் கலங்கியிருந்தது.

"அப்ப பொம்பிளை ஆளைப் போனில எடுங்கோ."

எடுக்கலாம், அடுத்த கிழமை என்றாள் டெப்ரா. அதுவரை பிள்ளை அந்த வீட்டில் இருக்கட்டும் என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் சிவபாலனுக்குக் கூடப் பயமாயிருந்தது. கத்துகிறவனோடு அவனும் கத்துவான். இப்படி ஆறுதலாகப் பேசுகிறவர்களோடு என்ன செய்வது? அவனுடைய சட்டைக் கையைச் சந்திரவதனா பிடித்தாள். பிடித்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, உங்களுக்கு அக்கா தங்கச்சி இருக்கினமோ?"

"ஆமாங்க. ரெண்டு தங்கச்சி."

"அவை பெரிசானநேரம் வீட்டில என்ன குடுத்தவை?"

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. "உளுந்தங்களிம்மா. நல்லெண்ணெய். முட்டை."

"அதை இவைக்குச் சொல்லுங்கோ."

"இல்லம்மா, என் வீட்டுக் கதைய நான் சொல்லக்கூடாதும்மா. நீங்க சொல்றத மட்டுந்தான் சொல்லணும்."

"சரி. அப்ப நான் சொல்லுறன்."

சொன்னாள். சத்தமில்லாத குரல், மொழிபெயர்ப்பாளன் இரண்டு இடத்தில் திரும்பச் சொல்லச் சொன்னான். "நான் இப்படியான ஒரு இல்லத்திலதான் வளர்ந்தனான். பன்னிரண்டு வயசில எனக்கு இது நடந்தது. ஒரு துணித்துண்டைத் தந்து, தோய்ச்சு ஒருத்தரும் பாக்காத இடத்தில காயப்போடு எண்டு சொன்னவை. வேறொண்டும் சொல்லேல்ல. நான் சாகப்போறன் எண்டு நினைச்சன். அம்மா ஆறு கட்டை தூரத்தில இருந்தவ. அவவுக்குப் பிறகுதான் தெரியும். இந்தப் பிள்ளைக்கு நடந்தநேரம் பக்கத்தில ஒரு பொம்பிளை இருக்கவேணும் எண்டு நினைச்சன். இருந்தன். கதவு பூட்டேல்ல. பள்ளிக்கூடத்துக்குப் பொய் சொன்னது பிழை. முட்டை பிழையெண்டா இனிக் குடுக்கேல்ல. பிள்ளையைக் கொண்டு போகாதேங்கோ."

மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல் விடாமல் சொன்னான். நீண்ட நேரம் சொன்னான். சிவபாலனுக்கு இங்கிலீசில் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதியே போதுமாயிருந்தது. அவன் எழும்பி யன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

டெப்ரா அக்ஷராவைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தாள். பிள்ளை இவர்கள் வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் விசாரணை தொடரும் என்றார்கள். முடிவு வரச் சில மாதம் போயிற்று. கடைசியில், பிழை ஒன்றும் இல்லை, பிள்ளை இவர்களோடேயே இருக்கலாம் என்று கடிதம் வந்தது. பச்சை முட்டை கொடுக்கக் கூடாது என்று அதிலும் ஒரு வரி போட்டிருந்தது. சிவபாலன் சிரித்தான். சந்திரவதனா சிரிக்கவில்லை. விசாரணை முடிந்தபின்னும், பிள்ளையை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்குப் போகவில்லை.

அந்தப் பயம்தான் பிறகு அவளைக் கொண்டுபோனது. அக்ஷராவுக்குப் பதினைந்து வயதான வருசம், படியேறினால் சந்திரவதனாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தோய்க்கிற இடத்துத் தூசு என்றாள். கால் வீங்கியது. நின்று வேலை செய்கிறது என்றாள். டொக்டரிடம் போ என்று சிவபாலன் ஏசினான். அவள் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டாள்: "வருத்தக்காரியெண்டு தெரிஞ்சா பிள்ளையை எடுத்துப்போடுவினம். பதினெட்டு வரட்டும். பிறகு பாப்பம்."

"விசரே உனக்கு?"

"உங்களுக்கு அந்த வீட்டைத் தெரியாது" என்றாள். அவளும் அந்த வீட்டுக்குள் போனதில்லை. வேறொரு வீட்டை வைத்துச் சொன்னாள்.

இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் இதயம் களைத்துப்போயிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்று டொக்டர் சொன்னபோது மத்தியானம் தாண்டியிருந்தது. அக்ஷரா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கேள்விப்பட்டு ஓடிவந்த கேத்ரின் கட்டிலடியில் நின்று, சிவபாலனின் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

"அண்ணே, நீங்க அக்காகூட இருங்க. பிள்ளைய ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டுப் போய்ச் சொல்றேன். ரெண்டு வாரம் வேற இடத்தில இருக்கட்டும். உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் வேணும்ல."

நல்ல மனதோடுதான் சொன்னாள். சிவபாலனுக்கும் அப்போது அது சரிபோலத்தான் பட்டது. தலையைக்கூட ஆட்டிவிட்டான். கேத்ரின் போன் பேச வெளியே போனாள்.

அக்ஷரா இன்றைக்கும் சிவபாலனின் வீட்டில்தான் இருக்கிறாள். பதினெட்டு முடிந்த பிறகும் இருக்கிறாள். அந்தப் பின்னேரம் சந்திரவதனா கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருந்தால் அது நடந்திராது.

அவள் மூக்கில் மாட்டியிருந்த காற்றுக் குழாயைக் கையால் ஒதுக்கினாள்.

"நீங்க போங்கோ."

"எங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு. கேத்ரின் போறதுக்கு முன்னம் போங்கோ. படலையடியில நீங்கதான் நிக்கவேணும்."

"உன்னை விட்டிட்டோ? டொக்டர் சொன்னது கேட்டனிதானே?"

"கேட்டன்." மூச்சு எடுக்க நிறுத்தினாள். "என்னோட நிக்க நேர்ஸ்மார் இருக்கினம். ஆர் நிண்டாலும் எனக்குக் காணும். அவளுக்கு வேலைக்கு வந்த ஆக்கள் இதைச் சொல்லக்கூடாது. காருக்குள்ள சொல்லாதேங்கோ. வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ. குளிர்ப்பெட்டியில கறி இருக்கு, சூடாக்கிச் சாப்பிடக் குடுங்கோ. அவள் சாப்பிட்டு முடிய, பக்கத்தில இருந்து, நீங்களே சொல்லுங்கோ."